இடையன்குடியில் ஒரு பகல்

சென்ற மே மாதம் திசையன்விளையில் என் கணவர் வழியில் ஒரு கல்யாணம். "நீ போயிட்டு வா. ரெண்டு நாளைக்கு அக்கா வந்து அம்மாவைப் பாத்துக்குவா" என்றார் இவர். எனக்கு நம்பவே முடியவில்லை. நான் வெளியூர் போய் மூன்று வருஷமாயிற்று!

காரணம் என் மாமியார். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, படுக்கைப் புண் வராதபடி இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். என்னைப் பெரிய புண்ணியவதி என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. தினமும் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன். அத்தை காதிலும் அது விழுந்திருக்கும்.

ஞாயிறு ஆராதனைக்குப் போவது அருமையாகிவிட்டது. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் அடியோடு நின்றுபோயிற்று. ஒரு நாள் கடைத்தெருவில் எங்கள் சபைச் சகோதரி ஒருத்தி, "ஆண்டவருக்குன்னு கொஞ்ச நேரம் ஒதுக்கக் கூடாதா அக்கா?" என்று கேட்டுவிட்டாள். அன்று இரவு அழுதேன். பதினேழு வயதில் கன்வென்ஷன் கூட்டத்தில் எழுந்து நின்று, ஊழியத்துக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொடுத்தவள் நான். கடைசியில் நான் செய்யும் ஊழியம் மூத்திரத் துணி அலசுவதுதானா?

புறப்படுகிற அன்று அத்தை இடது கையால் என் புடவையைப் பிடித்தார்கள். பேச்சு குழறும். "திசையன்விளைக்குப் போனா எங்க ஊரு பக்கந்தான். எங்க கோயிலைப் பாத்துட்டு வாளா" என்றார்கள். அவர்களுக்குப் பிறந்த ஊர் இடையன்குடி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் அங்கே ஒரு தரம்கூடப் போனதில்லை.

திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் போகப் போக வயல் குறைந்து, செம்மணல் தேரியும் பனை மரங்களும் வந்துவிட்டன. மே மாத வெயில் கேட்க வேண்டாம். திசையன்விளையில் பதநீர் குடித்த பிறகுதான் உயிர் வந்தது. மறுநாள் கல்யாணம் முடிந்து சாப்பிட்ட கையோடு, நாத்தனார் முறையுள்ள ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இடையன்குடிக்கு ஆட்டோ பிடித்தேன்.

கால்டுவெல் ஐயரின் ஊர் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்பீர்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதி 1856-ல் வெளியிட்டவர். சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலைகூட இருக்கிறது. அவர் 1841-ல் இந்த ஊருக்கு வந்தபோது இது ஒரு வறண்ட கிராமம். தெருக்களை ஒழுங்குபடுத்தினார், கிணறு வெட்டினார், மரம் நட்டார், பள்ளிக்கூடம் வைத்தார். இன்றைக்கும் தெருக்கள் நேராக இருப்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அவர் வாழ்ந்த வீட்டை அரசாங்கம் நினைவில்லமாக வைத்திருக்கிறது.

கோயில் என்று அத்தை சொன்னது பரிசுத்த திரித்துவ ஆலயத்தை. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் குளுகுளுவென்று இருந்தது. உயர்ந்த கூரை, கூர்மையான வளைவு வைத்த ஜன்னல்கள். 1847-ல் தொடங்கிய வேலை 1880-ல்தான் முடிந்ததாம். முப்பத்து மூன்று வருஷம்! ஜன்னல் வளைவுகளைச் செய்யத் தெரிந்த ஆள் இங்கே இல்லாததால், ஐயரே களிமண்ணில் மாதிரி செய்து காட்டிக் கொத்தனார்களுக்குப் புரியவைத்தார் என்று ஊரார் சொல்கிறார்கள். 1891-ல் கொடைக்கானலில் காலமான அவருடைய உடலை இங்கே கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள்.

ஆனால் எனக்கு அந்த அம்மாவின் கதைதான் மனசில் நின்றது. எலைசா கால்டுவெல் அம்மையார், நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் தம்பதியின் மகள். சிறு வயதிலேயே தமிழ் பேசி வளர்ந்தவர். அவருடைய தாயார் மார்த்தா மால்ட் நாகர்கோவில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது, 1855-ல்தான் ஒழிந்தது. லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் உண்டு என்று படித்திருக்கிறேன். 1844-ல் கல்யாணமாகி இடையன்குடிக்கு வந்த எலைசா அம்மையார், இங்கே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அம்மாவிடம் கற்ற லேஸையும் சொல்லிக்கொடுத்தார்.

அத்தைக்கும் லேஸ் பின்னத் தெரியும். தன் அம்மாவிடம் கற்றது. கெட்டியான உருண்டைத் தலையணைமேல் மாதிரித் தாளை வைத்துக் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. ஒரு நூல் மாறினால் பிரித்துவிட்டு மறுபடியும் பின்ன வேண்டும். கல்யாணமான புதிதில் அத்தை எனக்குக் கற்றுத்தர உட்கார்ந்தார்கள். நான்கே நாளில் எனக்குப் பொறுமை போய்விட்டது!

அப்போது அவர்கள் சொன்ன ஒரு விஷயம் அந்தக் கோயிலில் நிற்கும்போது ஞாபகம் வந்தது. குமரியாக இருந்தபோது திருப்பீடத் துணியின் ஓரத்துக்கு லேஸ் பின்னிக் கொடுத்தார்களாம். "அவ்வளவு தூரத்திலேருந்து யாரு அத்தை அந்த ஓரத்தைப் பாக்கப் போறாங்க?" என்று நான் சிரித்தேன். "யாரும் பாக்க மாட்டாங்க. பாக்கணும்னா பின்னினேன்?" என்றார்கள்.

பீடத்துக்கு முன்னால் நின்று பார்த்தேன். இப்போது வேறு துணிதான் இருக்கிறது. அத்தை பின்னின லேஸ் எப்போதோ கிழிந்து போயிருக்கும். அதைப் பின்னின வலது கைதான் இப்போது மடங்கிக் கிடக்கிறது. தினமும் காலையில் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி, எண்ணெய் தடவிவிடுவது நான். அந்தக் கையை ஒரு நாளாவது மரியாதையோடு பிடித்தேனா? முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபையாருக்கு எழுதும்போது, சாப்பிடுவதையும் குடிப்பதையும்கூட ஆண்டவருடைய மகிமைக்கென்றே செய்யச் சொல்கிறார். எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டதுதான். சாப்பிடுவது சேருமானால் ஊட்டிவிடுவதும் சேராதா? துணி அலசுவது மட்டும் விலக்கா? பதினேழு வயதில் ஒப்புக்கொடுத்த ஊழியம் எனக்கு வராமல் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே வந்திருக்கிறது. எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கண் என் கையில் இருந்த ஓலைப்பெட்டிக்குப் போயிற்று. அந்தப் பக்கத்துக் கருப்பட்டி. ஒரு துண்டு நுணுக்கி நாக்கில் வைத்தேன். "கோயில் எப்படி இருக்கு?" என்றார்கள். "நல்லா இருக்கு அத்தை. உங்க லேஸை நினைச்சுக்கிட்டேன்" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

முணுமுணுப்பு அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். போன வாரம்கூட ராத்திரி மூன்றாம் தரம் எழுப்பியபோது பல்லைக் கடித்தேன். ஆனால் இப்போதெல்லாம் காலையில் அந்த விரல்களை நீட்டிவிடும்போது, "ஆண்டவரே, இது உமக்கு" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். சொன்ன பிறகு முரட்டுத்தனமாகப் பிடிக்கக் கை வரமாட்டேன் என்கிறது.

சகோதரிகளே, திருநெல்வேலிப் பக்கம் போனால் இடையன்குடிக்கும் போய் வாருங்கள். திசையன்விளை வரை பஸ் கிடைக்கும், அங்கிருந்து பக்கம்தான். கோடை என்றால் குடையும் தண்ணீரும் மறக்க வேண்டாம். வரும்போது வீட்டில் படுத்திருக்கிற பெரியவர்களுக்கு ஒரு துண்டு கருப்பட்டி வாங்கி வாருங்கள்.