சாத்துக்குச் சிலை வைத்த ஊர்
(பயணத் தொடர் – 4)

டமாஸ்கஸிலிருந்து வடகிழக்கே சுமார் 215 கி.மீ. நெடுந்தூரம் வெறும் பொட்டல். திடீரென்று ஒரு பேரீச்சந்தோப்பு, அதையொட்டி மஞ்சள் கல்தூண்கள். பல்மைரா. உள்ளூரார் வாயில் தத்மூர்.

பாதையை விட்டு இறங்கக் கூடாது. கண்ணிவெடி பயம் இன்னும் தீரவில்லை.

தூண்வீதி 1.1 கி.மீ. நீளம். சிற்பப் பட்டறைகளின் உளிச்சத்தத்தில் வளர்ந்த திருமுருகன்பூண்டிக்காரன் கண்ணுக்கு முதலில் படுவது, தூண்களின் நடு உயரத்தில் துருத்தி நிற்கும் தாங்குகற்கள். ஊருக்கு நல்லது செய்தவர்களின் சிலைகள் அவற்றின் மேல் நின்றன. ஒட்டகச் சாத்துகளை, அதாவது வணிகக் கூட்டங்களை, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவர்களும் அந்தப் பெருமையைப் பெற்றார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் சொவாதோஸ் என்பவர் கொள்ளையரிடமிருந்து ஒரு சாத்தைக் காப்பாற்றினார். வணிகர்கள் அவருக்குச் சிலை வைத்து, காரணத்தையும் கல்லில் வெட்டிவைத்தார்கள்.

பூண்டிக்கு இது தெரிந்த கதைதான், தலைகீழாக. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை, வேடர் வேடத்தில் சிவகணங்கள் மறித்துப் பறித்தது எங்கள் ஊரில். வழிப்பறி நடக்கும் இடத்தில் உமக்கென்ன இருப்பு என்று சிவனையே பாட்டில் கேட்டார் அவர். தத்மூர்க்காரர்கள் பாடவில்லை, ஆள் திரட்டினார்கள்.

சாத்துகள் சுமந்ததில் துணியும் உண்டு. இங்குள்ள கோபுரக் கல்லறைகளில் சீனப் பட்டும் இந்தியப் பருத்தியும் கிடைத்திருக்கின்றன. எந்தச் சுமைக்கு எவ்வளவு வரி என்று கி.பி. 137இல் வெட்டிய கல்வெட்டில் ஊதாச் சாயமேற்றிய கம்பளிக்கும் தனி வரி. திருப்பூர் ஏற்றுமதிக்காரருக்கு உரை தேவைப்படாது. அந்தக் கல் இப்போது ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில்.

அதனால் பிழைத்தது என்றும் சொல்லலாம். 2015 மே மாதம் ஐ.எஸ். அமைப்பு ஊரைப் பிடித்தது. கி.பி. 32இல் குடமுழுக்குக் கண்ட பேல் கோயில், பால்ஷமின் கோயில், கோபுரக் கல்லறைகள் பல, வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. நாற்பதாண்டு இந்த இடிபாடுகளைப் பேணிய தொல்லியலாளர் காலித் அல்-அசாத், 80 வயதைக் கடந்தவர், ஆகஸ்டில் கொல்லப்பட்டார்.

பேல் கருவறையில் வாயில் மட்டும் நிற்கிறது. நம்மூரில் என்றால் புதுக்கல் வைத்துத் திருப்பணி முடித்திருப்பார்கள். இங்கே, விழுந்த கல்லையே தேடி அடுக்குவதா, விழுந்தபடி விடுவதா என்று வல்லுநர்களிடையே வாதம். எனக்கு முதல் கட்சிதான் பிடிக்கிறது. செலவை யார் ஏற்பது என்று கேட்டால் அந்தக் கட்சியும் மௌனம்.