கடைசி வரிசைக்குத் தெரிகிற உடம்பு

சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஆயுத பூஜை நாடகத்தில் எனக்கு ஒரு நோயாளி வேஷம் கொடுத்தார்கள். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டும். கூப்பிட்டதும் எழுந்து போய் இரண்டு வசனம் பேச வேண்டும். அவ்வளவுதான் என் பங்கு. நாடகத்தை எழுதி நடத்தியவர் எங்கள் டிபார்ட்மென்ட் ஃபிட்டர். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் நேராக ஒத்திகைக்கு வருகிறவர்.

இரண்டு வசனத்தையும் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வசனம் இருக்கட்டுங்க தம்பி. அந்த ஆளு எப்படி நடந்து வந்து உக்காருவான்? மொதல்ல அதக் காட்டுங்க" என்றார். நடந்து காட்டினேன். "இது நீங்க நடக்கறதுங்க. நோக்காடு வந்தவன் இன்னும் வரல."

அந்த நோக்காட்டுக்காரனை வரவழைக்க எனக்குப் பத்து நாள் பிடித்தது. வேலை விட்டதும் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி வாசலில் போய் நிற்பேன். வயிற்று வலியோடு வருகிறவர்கள் நான் நினைத்தது போல முகத்தைச் சுளிப்பதில்லை. ஒரு தோள் மட்டும் இறங்கியிருக்கும். உட்காரும் முன் பெஞ்சை ஒரு கையால் தொட்டுப் பார்ப்பார்கள், அது அங்கேயே இருக்குமா என்பது போல. நாடகத்தன்று நானும் அப்படித் தொட்டுப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து ஒரு கிழவி "அய்யோ பாவம், என்ன நோவோ" என்றார். நான் இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை.

அன்றிரவு பந்தல் பிரிக்கும்போது ஃபிட்டர் அண்ணன் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கு விதை. "வயித்து வலிக்காரனா வந்துதானுங்க நாகேஷு மொதல்ல பேரு வாங்குனாரு. நம்ம தாராபுரத்துக்காரரு."

அந்தக் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். சென்னையில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த, பின்னாளில் நாகேஷான குண்டுராவ் என்ற ஒல்லி இளைஞர், அலுவலகத்துக்காரர்கள் போட்ட நாடகத்தில் தனக்கும் ஒரு வேஷம் கேட்கிறார். கிடைத்தது வயிற்று வலிக்காரன். வந்து வலி சொல்லிவிட்டுப் போக வேண்டிய ஆள். அவர் அந்த வலியை மேடை முழுக்க நடந்து காட்டியதில் சபை குலுங்கியது. தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர்., நாயகனை விட்டுவிட்டு இந்தச் சின்ன வேஷக்காரரைப் பாராட்டிப் பேசிப் பரிசும் கொடுத்தார். சினிமாவில் நாகேஷ் 1,000 படம் நடித்தார் என்கிறவர்கள் உண்டு. அதற்குக் கொஞ்சம் குறைவு என்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்த ஒரு ராத்திரிதான் முக்கியமாகப் படுகிறது. கடைசி வரிசையில் இருப்பவருக்கு நடிகரின் முகம் தெரியாது, உடம்புதான் தெரியும். அதை அவர் முதல் மேடையிலேயே அறிந்திருந்தார்.

எப்படி அறிந்தார் என்று யோசிக்கும்போது எனக்குப் பீளமேடு நினைவுக்கு வருகிறது. 1933ல் பிறந்த நாகேஷ், பி.எஸ்.ஜி. கலைக் கல்லூரியில் படிக்கத்தான் கோவைக்கு வந்தார். கல்லூரியே 1947ல் தொடங்கியதுதான். அப்போது கோவை பஞ்சாலை ஊர் மட்டுமல்ல, சினிமா ஊரும்கூட. சென்ட்ரல் ஸ்டுடியோவும் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜாவும் ஓடிக்கொண்டிருந்த காலம். எம்.ஜி.ஆர். நாயகனாக வந்த 'ராஜகுமாரி' 1947ல் இங்கே எடுத்த படம். அந்த ஊரில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நாகேஷுக்குப் பெரியம்மை போட்டது. உயிர் பிழைத்தார், முகம் முழுக்கத் தழும்பு நின்றது.

அம்மைத் தழும்புள்ள முகங்கள் என் சின்ன வயதில் எங்கள் ஊரில் நிறைய. என் அப்புச்சிக்கே உண்டு. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறவர் வந்தால் அவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். இருபது வயதில் கண்ணாடியில் அப்படி ஒரு முகத்தைப் பார்க்கிற பையன் என்ன நினைத்திருப்பான் என்பதை அவர் வழியாகத்தான் என்னால் கொஞ்சம் ஊகிக்க முடிகிறது. அந்தப் பையன் ஒளியவில்லை. ஆயிரம் பேர் பார்க்கிற இடத்தில் போய் நின்றான்.

மேடையில் அவர் நின்ற காலமும் அப்படிப்பட்டவருக்கு இடம் கொடுத்த காலம். பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களாகச் சேர்ந்து, பாட்டும் சிலம்பமும் கற்று, பெண் வேஷம் கட்டி வளர்ந்த தலைமுறை ஒன்று இருந்தது, சிவாஜியும் எம்.ஜி.ஆரும் அதில் வந்தவர்கள். 1950களில் அந்தக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. அந்த இடத்துக்குச் சென்னையில் வந்தவர்கள் ஆபீஸ்காரர்கள். ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் 1952ல் தொடங்கியது. ஏஜிஸ் ஆபீஸில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கே. பாலசந்தர் சாயங்காலங்களில் நாடகம் போட்டார். ராஜா ராணி உடை கிடையாது, பாட்டு வராவிட்டாலும் பரவாயில்லை. ஆஸ்பத்திரி வார்டு, ஒண்டுக்குடித்தனம், ஓட்டல் என்று பார்க்கிறவர்களின் இடமே மேடை. எங்கள் மில் நாடகங்கள் அந்த அலையின் கோடியில் வந்து ஒதுங்கிய நுரை என்றுதான் நினைக்கிறேன். கம்பெனி நாடகத்தில் நாகேஷுக்கு விதூஷகன் வேஷம்தான் கிடைத்திருக்கும். ஆபீஸ்காரர்களின் மேடையில் அவரே கதையாக முடிந்தது. ஓட்டல் சிப்பந்தியை நடுவில் வைத்துப் பாலசந்தர் எழுதிய 'சர்வர் சுந்தரம்' மேடையில் நாகேஷின் நாடகமாகவே நின்றது. 1964ல் அதை ஏவி.எம். படமாக்கியபோது சுந்தரமாக வேறு யாரையும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த மேடை நாடகத்தை நான் பார்த்ததில்லை. இன்றைக்கு யாரும் பார்க்க முடியாது. இதுதான் என்னை வருத்துவது. படமாக்கியதால் படம் இருக்கிறது. மேடையில் அவர் அன்றன்று செய்தது அன்றன்றே போய்விட்டது. அதனால் நான் அவருடைய பழைய படங்களை ஒரு காரியத்துக்காகவே பார்க்கிறேன், உள்ளே மேடை எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று.

இருக்கிறது. 1965ல் வந்த 'நீர்க்குமிழி' பாலசந்தர் இயக்கிய முதல் படம், அவருடைய நாடகத்திலிருந்து வந்தது. கிட்டத்தட்ட முழுப் படமும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது. கேமராவை எடுத்துவிட்டால் அப்படியே மேடை. நாகேஷ் அதில் சேது என்கிற நோயாளி. வார்டையே சிரிக்க வைக்கிறவன். தனக்கு வந்திருப்பது தீராத நோய் என்று அவனுக்கு மட்டும் தெரியாது. சும்மா இருக்க மாட்டான். கட்டிலிலிருந்து கட்டிலுக்குத் தாவிக்கொண்டே இருப்பான். அந்தத் துறுதுறுப்பு சற்றே நிற்கிற இடங்களைக் கவனித்தேன். முகம் சிரிப்பில் இருக்கும்போதே உடம்பு ஒரு கணம் சிரிப்பை மறந்துவிடும். வயிற்று வலிக்காரனை ஒரு காலத்தில் சிரிப்புக்காக நடந்து காட்டியவர், அதே நோயாளியை இங்கே வேறு பக்கத்திலிருந்து நடக்கிறார்.

அந்த உடம்பு எத்தனை விதமாகப் பேசும் என்பதற்கு 1968ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். 'எதிர்நீச்சல்' மாது, பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொண்டு, எல்லார் வேலையும் செய்து, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிட்டுப் படிக்கிற அனாதை. அவன் நிமிர்ந்து நின்றால்கூடத் தலைக்கு மேல் படிக்கட்டு இருப்பது போலவே கழுத்தை வைத்திருப்பான். அதே வருஷம் 'தில்லானா மோகனாம்பாள்' சவடால் வைத்தி. பணக்காரர்கள் முன்னால் வளைகிற முதுகு, திரும்பியதும் நிமிர்கிற முதுகு. இரண்டு பேரும் குனிகிறவர்கள்தான். மாதுவின் குனிவைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. வைத்தியின் குனிவில் உடம்பு கூசுகிறது. ஒரே முதுகெலும்பு. தழும்பை மறைக்க அவர் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. 'திருவிளையாடல்' தருமி கோயிலில் தனியாகப் புலம்புகிற இடத்தைப் பாருங்கள். எதிரில் பேச ஆள் இல்லை. வறுமை ஒரு கையாகவும் ஆசை இன்னொரு கையாகவும் அவரே எதிராளியாகிறார். அது முழுக்க முழுக்க மேடைக்காரர் செய்கிற வேலை.

இப்படி உடம்பை நம்பிய இன்னொரு நடிகர் இங்கிலாந்தில் இருந்தார், அலெக் கின்னஸ் என்று. 1946ல் லண்டனில் ஓல்ட் விக் குழு ஷேக்ஸ்பியரின் லியர் அரசனைப் போட்டபோது லியராக லாரன்ஸ் ஒலிவியர் வந்தார், கின்னஸ் கோமாளி. அரசனுக்கு உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தக் கோமாளிதான். மூன்று வருஷம் கழித்து ஒரே படத்தில் எட்டு வேஷம் போட்டார். தெருவில் போனால் யாரும் அடையாளம் காணாத முகம் அவருக்கு. ஒரு பாத்திரத்தின் நடை கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும் என்று நம்பியவர் என்பார்கள். எங்கள் ஃபிட்டர் அண்ணன் கின்னஸின் பெயரைக் கேட்டிருக்க வழியில்லை. ஆனால் கின்னஸ் நடித்து 1984ல் வெளியான 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தில் மலையேறுகிற ரயில் நம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகிற ரயில்தான். அதைத் திரையில் பார்த்தபோது, ஸ்டேஷன் மாஸ்டர் மகனாகப் பிறந்து ரயில்வே குமாஸ்தாவாக இருந்த நம்மவரைத்தான் நினைத்துக்கொண்டேன். இரண்டு பேருமே கம்பீரத்தைக் கடன் வாங்காதவர்கள். கின்னஸுக்கு அவர் நாடு 1959ல் சர் பட்டம் கொடுத்தது. நாகேஷுக்குக் கலைமாமணி உண்டு. 'நம்மவர்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் தேசிய விருதும் உண்டு. பத்ம விருது எதுவும் கடைசிவரை தரப்படவில்லை. எனக்கு அது ஆறாத குறை.

ஆனால் அவருடைய மேடையைப் புரிந்துகொள்ள லண்டன் வரை போக வேண்டியதில்லை. தாராபுரத்துக்கு வடக்கே காங்கேயம் போகிற வழியெல்லாம் அண்ணன்மார் கதை பாடுகிற ஊர்கள். ஒரே ஆள், கையில் உடுக்கை. பொன்னரும் அவர்தான், சங்கரும் அவர்தான், தங்காளும் அவர்தான், கொம்பனாகி வருகிற காட்டுப்பன்றியும் அவர்தான். வேட்டியை மாற்றிக் கட்டுவதுகூடக் கிடையாது. உடுக்கையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துத் தோளைச் சாய்த்தால் தங்காள் வந்துவிடுவாள். கூட்டத்தில் பெண்கள் அழ ஆரம்பிப்பார்கள். ராத்திரி ராத்திரியாக நடக்கும். என் அம்மாயி ஊர்க் கோயிலில் விடிய விடியக் கேட்டிருக்கிறேன். தாராபுரத்தில் பிறந்த பையனின் காதிலும் அந்த உடுக்கைச் சத்தம் எங்காவது விழுந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

1965ல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து இந்தக் கதையை ராத்திரிகள் தோறும் டேப்பில் பிடித்தார். அதனால் அந்த உடுக்கைக்காரர்களின் குரல் இன்றும் இருக்கிறது. அவர்கள் மூச்சு வாங்குகிற இடம்கூட இருக்கிறது. ஏறக்குறைய அதே நாட்களில், சென்னைச் சபாக்களில் நாகேஷ் மேடையேறிய ராத்திரிகளுக்கு அப்படி ஒரு டேப் இல்லை. சபாக்களில் மின்சாரம் இருந்தது, மைக் இருந்தது, படித்தவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த நாடகங்களைப் பார்த்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். யாராவது வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவரிடம் கதையைக் கேட்க வேண்டாம். சுந்தரம் எப்படி நடந்து வந்தான், எந்தக் கையில் தட்டை வைத்திருந்தான், மேடையை விட்டு எந்தப் பக்கம் போனான் என்று கேட்டு எழுதி வையுங்கள். கெஞ்சியே கேட்கிறேன்.

நாகேஷ் 2009 ஜனவரி 31 அன்று சென்னையில் காலமானார். பிறந்தபோது தாராபுரம் கோவை மாவட்டம். போகும்போது ஈரோடு மாவட்டம். மறு மாதமே திருப்பூர் மாவட்டம். எந்த மாவட்டத்துக்காரர் என்று சொல்வது என்று அந்த வாரம் டீக்கடையில் எங்களுக்குள் பேச்சு வந்தது. ஃபிட்டர் அண்ணன் அப்போது ரிட்டயராகி, நடக்கக் கோல் ஊன்றும் நிலையில் இருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "'மகளிர் மட்டும்' பார்த்தீங்களா தம்பி? பொணமா வருவாரு" என்று மட்டும் கேட்டார்.

பார்த்திருந்தேன். 1994ல் வந்த படம். பேச்சில்லை, கண் அசைவில்லை. மற்றவர்கள் தூக்குகிற பக்கம் சாய வேண்டும், விட்ட இடத்தில் தொய்ய வேண்டும். வயிற்று வலிக்காரனுக்காவது முனகல் இருந்தது. இங்கே அதுவும் இல்லை, வெறும் உடம்பு. தியேட்டரில் கடைசி வரிசைவரை சிரித்தார்கள். எனக்கு மாத்திரம் எங்கள் பக்கத்துப் படுகளம் கண்ணில் வந்தது. அண்ணன்மார் கதை முடிகிற ராத்திரி, ஆட்கள் அருள் வந்து களத்தில் விழுவார்கள். வெள்ளைத் துணி போர்த்துவார்கள். செத்தவர்களாகவே கிடப்பார்கள், சின்னப் பிள்ளைகள் கிட்டே போய் மூச்சிருக்கிறதா என்று குனிந்து பார்ப்போம். விடியும் நேரத்தில் தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புவார்கள்.

அதைத்தான் ஃபிட்டர் அண்ணனிடம் சொன்னேன். அவர் கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். எழும் முன் பெஞ்சை ஒரு கையால் தொட்டுப் பார்த்தார்.