ஆள்காட்டி ஒன்றல்ல, இரண்டு

திருவண்ணாமலைப் பக்கம் ‘ஆள்காட்டி’ என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு பறவைகள். சமுத்திரம் ஏரிக்கரை, நெல்வயல் ஓரம் என ஈரம் கண்ட இடத்தில் திரிவது சிவப்பு மூக்கு ஆள்காட்டி. கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை, கறுப்பு மார்பு. இரவிலும் ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஊரைக் கூட்டிவிடும். ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

மஞ்சள் மூக்கு ஆள்காட்டி சற்றுச் சிறியது, கூச்சலும் குறைவு. பெயரில்தான் மஞ்சள் மூக்கு. மஞ்சளாகத் தொங்குவது கண்ணருகே உள்ள சதை. தலையில் கறுப்புத் தொப்பி. இதற்குப் பிடித்தது மானாவாரிக் கரம்பும் சரளை மேடும்.

இரண்டுமே தரையில் சிறு பள்ளம் பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். மண் நிறம், கறுப்புத் திட்டு; மிதிக்கும்வரை கண்ணில் படாது. மஞ்சள் மூக்கு முட்டையிடுவது பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை. கடலைக்கு நிலம் தயாராகும் கோடை உழவும் அப்போதுதான். வண்டையும் கரையானையும் தின்று நமக்கு உதவும் பறவை, டிராக்டர் கலப்பைக்கு முட்டைகளைப் பறிகொடுக்கிறது.

உழும்போது தலைக்கு மேல் ஒரு பறவை சுற்றிச் சுற்றிக் கத்தினால், வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். முட்டை இருந்தால் நாலு பக்கமும் குச்சி நட்டு, அந்த இடத்தை மட்டும் விட்டு உழலாம். ஏறத்தாழ நான்கு வாரத்தில் பொரிந்துவிடும். பொரிந்த சிறிது நேரத்திலேயே குஞ்சுகள் எழுந்து ஓடத் தொடங்கும். விட்ட துண்டை அதன்பிறகு உழுதுகொள்ளலாம்.