மதுரைக்கு வழி கேட்போருக்கு



கடல் கடந்து வாழும் நம் பங்கு மக்கள், பிள்ளைகளோடு தாயகம் வருமுன் எழுதிக் கேட்பது ஒன்றுண்டு: "சாமி, மதுரையைப் பார்க்க ஒரு நாள் போதுமா?" போதாது. பெரும்பொருள் செலவிட்டுப் பறந்து வந்து, கோபுரத்தடியில் ஒரு நிழற்படம் எடுத்துக்கொண்டு கொடைக்கானலுக்கு விரைவதில் என்ன பயன்? ஐந்து நாளாவது ஒதுக்குங்கள்.

நீண்ட பயணம் என்றதும் என் நினைவுக்கு வருபவர், தத்துவ போதகர் என நம் முன்னோர் அழைத்த இராபர்ட் தே நொபிலி. 1604-இல் லிஸ்பனில் கப்பலேறி, 1605-இல் கோவாவை அடைந்த அவர், மதுரைக்குள் நுழைந்தது 1606 நவம்பரில்தான். இடையில் முத்துக்குளித்துறையில் சில மாதங்கள் தங்கித் தமிழ் பயின்றார். ஊரைக் காணுமுன் ஊரின் மொழியைத் தேடிக்கொண்டார். இன்று ஒரிரு நாளில் வந்து சேர்கிறோம். ஆனால் "சாப்பிட்டாயா கண்ணு?" என்று பாட்டி கேட்டால், விடை சொல்லத் தெரியாமல் பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கிறது. பாட்டியோ சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். ஆகவே கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றைக் கவனிக்கத் தொடங்கும் நாளிலேயே, இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் தமிழுக்கென்று வைத்துவிடுங்கள். ஆறு மாதத்தில் பேரன் பாட்டியோடு பேசுவான்.

காலம் எனில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நன்று. அக்டோபரும் நவம்பரும் மழைக்காலம். சித்திரையில் அழகர் வைகையில் இறங்கும் நாளன்று சுற்றுப்புறக் கிராமங்களெல்லாம் நகருக்குள் திரண்டுவிடும். காணத்தக்க காட்சியே, எனினும் முதியோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஏற்றதன்று. குளிர்காலத்தில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும் என்பதைச் சகோதரிகள் இப்போதே அறிந்திருப்பது நலம்!

சென்னையில் இறங்குவோர் அன்றே பயணத்தைத் தொடராமல், ஓரிரவு உறங்கி எழுந்து பகல் இரயிலில் வாருங்கள். திண்டுக்கல் தாண்டியதும் இடப்புறம் சிறுமலை நெடுந்தொலைவு உடன் வரும். சோழவந்தான் பக்கத்தில் தென்னையும் வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் தோன்றும். வைகைப் பாலத்தைக் கடக்கையில் ஆற்றில் நீர் இல்லையென்றால் பிள்ளைகள் வியக்கக்கூடும், பெரும்பாலும் அப்படித்தான்.

நகரின் வீதிகள் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என மாதங்களின் பெயர் தாங்கி, கோயிலைச் சுற்றி ஒன்றையொன்று அடுத்து அமைந்துள்ளன. காரைவிட்டு இறங்கி நடந்தால்தான் இவ்வமைப்பு விளங்கும். மீனாட்சியம்மன் கோயில் நண்பகலில் சாத்தப்படும். 2018 முதல் உள்ளே கைப்பேசிக்கு அனுமதியில்லை. கருவறைப் பகுதிக்குப் பிற சமயத்தார் செல்லலாகாது. அது அவர்களது வழிபாட்டு ஒழுங்கு. வாயிலில் நின்று வாதாடாமல் அதனை மதிப்பதே நமக்கு அழகு. மண்டபங்களின் சிற்பங்களே ஒரு காலைப்பொழுதை நிரப்பிவிடும். 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலை மாலையில் காணலாம். தமுக்கம் அரண்மனையில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். அண்ணல் அரையாடை பூண்டது 1921-இல் இந்நகரில்தான். அவர் சுடப்பட்ட நாளில் அணிந்திருந்த குருதி தோய்ந்த துணியும் அங்கே உள்ளது. ஞாயிறு திருப்பலிக்குக் கீழவெளி வீதியில் நம் பேராலயம் இருக்கிறது.

ஒரு நாளை மானாமதுரைச் சாலைக்குக் கொடுங்கள். முதலில் கீழடி. 2015-இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்தவற்றுக்கென 2023-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பானையோடுகளில் 'ஆதன்' போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. எழுத்து இன்றையது அன்று. ஆயினும் பெயரை வாய்விட்டுச் சொல்கையில், வீட்டில் அரைமணி நேரத் தமிழ் படித்த பிள்ளை தலைநிமிர்ந்து பார்க்கும். அதே சாலையில் மேலும் சென்றால் இடைக்காட்டூர். பிரான்சு நாட்டின் ரீம்ஸ் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1894-இல் கட்டப்பட்ட திரு இருதய ஆலயம், கிராமத்து வயல்களுக்கிடையே கோத்திக் கூர்முகடுகளோடு நிற்கிறது.

ஓரியூருக்குத் தனியாக ஒரு முழு நாள் வேண்டும். மறவ நாட்டில் சிறைப்பட்டு, வதைக்கப்பட்டு விடுதலையான அருளானந்தர், பணியின் பொருட்டு ஐரோப்பா சென்றார். அங்கேயே தங்கிவிடுமாறு போர்த்துக்கல் அரசர் விரும்பியும், 1690-இல் மீண்டும் கடல் கடந்து வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. அங்கே மண் சிவந்திருக்கும். பிள்ளைகள் காரணம் கேட்பார்கள், போகும் வழியிலேயே வரலாற்றைச் சொல்லிவிடுங்கள். வெயிலேறுமுன் புறப்படுங்கள். குடிநீரும் முதியோருக்கான மருந்தும் கையோடு இருக்கட்டும்.