மாமதுரையும் முதிய குதிரையும்

மதுரைக்கு வருவோர் குதிரையைக் காணாமல் திரும்புவது அரிது. புதுமண்டபத்தின் முகப்பில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் கற்குதிரைகள் நிற்கின்றன. சித்திரைத் திருவிழாவில் வைகைக்கு வரும் வாகனம் பொற்குதிரை. நகரைத் தாண்டினால் கண்மாய்க் கரைகளிலும் ஊர் எல்லைகளிலும் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்கும். உயிருள்ள குதிரைதான் இன்று அரிதாகிவிட்டது. ரயிலை விட்டு இறங்கியதும் ஜட்கா வண்டிகளைத் தேடிய காலம் மலையேறிப் போயிற்று. அந்த இடத்தை ஆட்டோக்கள் பிடித்துக்கொண்டன.

கல்லாலும் மண்ணாலும் செய்த குதிரைக்கு முதுமை இல்லை. உயிருள்ள குதிரைக்கு முதுமை உண்டு, பல் தேய்வதுண்டு, தனிமையும் உண்டு. உழைத்து ஓய்ந்த குதிரைக்கு நாம் என்ன செய்தோம், என்ன செய்யக் கடமைப்பட்டுள்ளோம் என்ற வினாவோடு இந்நகரைச் சற்றுச் சுற்றி வருவோம்.

ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் காஜிமார் தெருவும் அதன் பெரிய பள்ளிவாசலும் இருக்கின்றன. பாண்டியர் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், ஏமன் நாட்டிலிருந்து வந்த காஜி சையது தாஜுத்தீன் (ரஹ்) அவர்கள் இப்பள்ளியை நிறுவினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அரபு நாட்டார் இம்மண்ணுக்கு வந்துகொண்டிருந்த அந்த நூற்றாண்டில்தான் குதிரை வாணிபமும் உச்சத்தில் இருந்தது.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அதுபற்றி விரிவாக எழுதியுள்ளார். கீஷ் தீவின் தலைவர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபருக்கு, அதாவது நம் பாண்டிய நாட்டுக் கரைக்கு, அனுப்ப உடன்பாடு செய்திருந்தார். ஹுர்முஸ், கத்தீஃப், பஹ்ரைன் முதலிய இடங்களிலிருந்து வந்தவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் இறங்கின என்றும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார் என்றும் அவர் குறிப்பிடுகிறார். வழியில் இறந்த குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுத்ததாம். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராகவே விளங்கினார். முஸ்லிம் ஒருவர் பாண்டிய அரசவையில் பெற்றிருந்த இம்மதிப்பை நாம் மேடைதோறும் பெருமையுடன் பேசுகிறோம். பேச வேண்டியதுதான்.

ஆனால் அதே வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ அதை எழுதி வைத்திருக்கிறார். இந்நாட்டு மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார். அவருடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆயினும் ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்கிறார் அவர். வேகவைத்த அரிசியையும் இறைச்சியையும் தீனியாக இட்டார்களாம். குதிரையைப் பேணத் தெரிந்தவரும் இங்கில்லை. அப்படிப்பட்டவர் எவரும் இந்நாட்டுக்கு வராதபடி குதிரை வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள். குதிரைகள் மடிந்தால்தானே மறு ஆண்டும் விற்பனை நடக்கும்!

பயணிகள் மிகைப்படுத்துவதுண்டு. அந்த எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்தே கொள்வோம். அப்போதும் அக்குற்றச்சாட்டு நெஞ்சைச் சுடுகிறது. அந்த வணிகர்களில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தவர்கள். ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கடல் கடந்து வந்த அக்குதிரைகளுள் முதுமையைக் கண்டவை எத்தனை இருந்திருக்கும்?

இதே 13ஆம் நூற்றாண்டில், அந்தக் குதிரைகள் புறப்பட்ட திசையில், மார்க்கம் வேறொன்றைக் கற்பித்துக்கொண்டிருந்தது என்பதையும் நாம் அறிய வேண்டும். டமாஸ்கஸில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள், தம் ‘கவாஇதுல் அஹ்காம்’ நூலில் மனிதன் மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிடுகிறார்கள். கால்நடை முதுமையாலோ நோயாலோ எந்தப் பயனும் தராத நிலையை அடைந்தாலும், அதற்குரிய தீனிச் செலவை உரிமையாளர் செய்தே தீரவேண்டும். தாங்க முடியாத சுமையை ஏற்றலாகாது. தன் இனமோ பிற இனமோ, அதை முட்டியும் காயப்படுத்தியும் துன்புறுத்தும் பிராணியோடு அதை அடைக்கலாகாது. கவனியுங்கள்: தீனியைப் பற்றிப் பேசிய இமாமவர்கள், அப்பிராணி யாரோடு வாழ்கிறது என்பதையும் உரிமைகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள்!

காஜிமார் தெருவை விட்டு வைகைப் பாலத்தைக் கடந்தால் கோரிப்பாளையம். அங்குள்ள தர்காவைத் தாண்டித் தல்லாகுளம் பக்கம் சென்றால், ரேஸ்கோர்ஸ் மைதானம். ஓட்டப் பந்தயமும் பிற விளையாட்டுகளும் நடைபெறும் அரங்கம் அது. பெயரில் மட்டும் குதிரை தங்கிவிட்டது.

இவ்விடத்தைக் காணும்போதெல்லாம் டமாஸ்கஸின் ‘அல் மர்ஜுல் அக்ளர்’ என்னும் பசும்புல்வெளி நினைவுக்கு வருகிறது. சிரியா நாட்டு அறிஞர் முஸ்தஃபா அஸ்ஸிபாயீ (1915–1964) அவர்கள், இஸ்லாமிய நாகரிகத்தின் சிறப்புகளைப் பற்றிய தம் நூலில் அதைப் பற்றி எழுதியுள்ளார்கள். உழைக்க இயலாமற்போய், உரிமையாளரும் தீனி போட மறுத்த குதிரைகளுக்கென வக்ஃபு செய்யப்பட்ட நிலம் அது. இறுதி மூச்சு வரை அவை அங்கே மேய்ந்து திரியலாம். பிற்காலத்தில் அந்நிலத்திலும் விளையாட்டு மைதானமே அமைந்தது. ஆனால் அங்கே அதற்கு முன் இருந்தது ஓய்வு பெற்ற குதிரைகளின் மேய்ச்சல் நிலம். இங்கே நம் நினைவில் எஞ்சியது பந்தயம். பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் கபருஸ்தானுக்கும் வக்ஃபு செய்தவர்களை நாம் அறிவோம். கிழட்டுக் குதிரைக்கும் வக்ஃபு செய்தவர்கள் நம் முன்னோர் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

இனி அழகர்கோயில் சாலையில் நகரை விட்டு வெளியேறுவோம். அறுவடை முடிந்த வயல்களில் செம்மறி ஆடுகளின் கிடை. எருமையின் முதுகில் கரிச்சான். அதன் காலடியில் கொக்கு. தனித்து நிற்கும் பிராணியைக் காண்பது இங்கே அரிது. பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தைத் திருக்குர்ஆன் அல்அன்ஆம் அத்தியாயத்தில் (6:38) கூறுகிறது. அதன் பொருளை இச்சமவெளியில் கண்ணால் காணலாம்.

குதிரையோ கூட்டமாகவே வாழப் படைக்கப்பட்ட பிராணி. அது நின்றபடியே கண்ணயரும் என்பதை நாம் அறிவோம். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தே ஆகவேண்டும் என்கின்றனர் கால்நடை மருத்துவர்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைமணி நேரமாவது அவ்வுறக்கம் தேவை. கூட்டத்தில் ஒன்று படுத்தால் மற்றொன்று காவல் நிற்கும். அச்சத்தில் தனித்து நிற்கும் குதிரை நாள்கணக்கில் படுக்காது. பின்னர் தூக்கம் தாளாமல் நின்ற நிலையிலேயே முழங்கால் மடங்கிச் சரிந்து விழும். மூட்டு வலியுள்ள முதிய குதிரைக்கு இத்தொல்லை இன்னும் அதிகம். ஆகவே துணை என்பது அதற்கு உறக்கத்தைத் தரும் காவல்.

அந்தத் துணை இன்னொரு குதிரையாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. வெள்ளாடும் கழுதையும் குதிரைக்கு நல்ல தோழர்களாக இருப்பது உலகெங்கும் லாயங்களில் கண்ட உண்மை. பூனைகூடத் துணையாகலாம். துனிஸியா வழியாக பிரான்சுக்கும், அங்கிருந்து இங்கிலாந்துக்கும் சென்ற ‘காடால்ஃபின் அரேபியன்’ என்னும் அரபுக் குதிரை, இன்றைய பந்தயக் குதிரைகளின் மூதாதைகளான மூன்றில் ஒன்று. அது ஏறத்தாழ 29 வயது வரை வாழ்ந்து 1753இல் கேம்பிரிட்ஜுக்கு அருகே இறந்தது. அதன் ஓவியங்களில் காலடியில் ஒரு பூனையும் இருக்கிறது. லாயத்தில் பிரியாமல் உடனிருந்த அப்பூனை, குதிரை இறந்ததும் அதன் உடலை விட்டு அகல மறுத்தது என்றும், சில நாட்களில் தானும் இறந்தது என்றும் கதை வழங்குகிறது. கதையின் முடிவு எப்படியாயினும், அவ்விரண்டின் தோழமைக்கு ஓவியமே சாட்சி.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நம் வீட்டுத் திருமணங்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை பிடிக்கும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. மின்விளக்கும் வேட்டும் மேளமும் சூழ, மணிக்கணக்கில் அக்குதிரை நிற்கிறது. கால்நடைகளின் முதுகுகளைப் பேசிக்கொண்டிருக்கும் மேடைகளாக ஆக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் கண்ணீர் வடித்து நின்ற ஒட்டகத்தைத் தடவிக்கொடுத்து, அதைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்கிய உரிமையாளரைக் கண்டித்தவர்களும் அவர்களே.

ஆகவே குதிரை பிடிக்கும் முன் அதன் உரிமையாளரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதன் வயது என்ன? இன்று எத்தனை ஊர்வலம் சென்றது? இது எதனோடு கட்டப்பட்டிருக்கிறது? முதுமையாலோ நோயாலோ இயலாத பிராணியிடம் வேலை வாங்குவதையும், தக்க காரணமின்றி அதைக் கைவிடுவதையும் நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டமும் குற்றம் என்கிறது. குதிரை வைத்துப் பிழைப்பவர் ஏழை. அவரை ஏசிப் பயனில்லை. பல் தேய்ந்த குதிரைக்குக் கொள்ளையும் தவிட்டையும் ஊறவைத்துக் குழைவாகக் கொடுக்க வேண்டும், அது செலவு. ஊர்வலத்துக்குப் பேசிய கூலியோடு ஒரு மூட்டைத் தீனிக்கான பணத்தைச் சேர்த்துக் கொடுங்கள். ஒரு வெள்ளாட்டுக் குட்டியை வாங்கிக் கொடுக்க வசதியிருந்தால் அதுவும் ஸதகாவே.

மூச்சிரைக்க ஓடும் குதிரைகளின் மீது சத்தியமிட்டு ஓர் அத்தியாயத்தையே அல்லாஹ் தொடங்கியுள்ளான். ஓடும் குதிரையை மெச்சாதவர் இல்லை. ஓட்டம் ஓய்ந்த பின்தான் நம் ஈமானின் இரக்கம் தெரியவரும். அந்த இரக்கத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.