தூதரகத்துக்குத் தெரியாத பெயர்

2009ஆம் ஆண்டின் தொடக்கம். விடுமுறையில் அப்புத்தளைக்கு வந்திருந்தேன். பனிமூட்டம் கடைவீதியை விட்டு விலகாத ஒரு காலையில், பக்கத்துத் தோட்டத்து முதியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை.

"ஐயா, நீங்க பேப்பர்ல எழுதுறவங்க. எம் புள்ள அங்க எம்பசிக்காரங்ககிட்ட இருக்கா. அனுப்பி வைக்க மாட்டேங்குறாங்க" என்றார்.

மகள் அரபு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண். பதினொரு மாதம் சம்பளம் கிடைக்கவில்லை. குப்பை கொட்டப் போகும் சாக்கில் ஒருநாள் வெளியேறி, வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரின் இரக்கத்தால் நமது தூதரகத்தின் வாசலை அடைந்திருக்கிறாள். அவளைப் போன்ற பெண்கள் தங்கியிருந்த விடுதியில் இடம் கொடுத்தார்கள்; சோறும் கொடுத்தார்கள். ஊர் திரும்பத்தான் வழி பிறக்கவில்லை. கடவுச்சீட்டு எசமானரின் அலுமாரியில் இருந்தது. கஃபாலா என்னும் பொறுப்பாளர் முறையில், எசமானரைக் கேளாமல் வெளியேறியவள் 'ஓடிப்போனவள்'. அவளுக்குத் தற்காலிகப் பயணப் பத்திரம் கொடுப்பதென்றால், அவள் யார் என்பது முதலில் உறுதியாக வேண்டும். சிக்கல் அங்கேதான்.

பையில் இருந்தவற்றை மேசையில் பரப்பினேன். பிறப்பு அத்தாட்சிப்பத்திரம் சிங்களத்தில். பெயருக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. தோட்டத்துப் பிறப்புகளை நிர்வாகமே பதிவாளருக்கு அறிவிப்பது பழைய வழக்கம். பெரிய கிளாக்கர் காதில் விழுந்தது ஒன்று, பதிவாளர் பேனாவில் இறங்கியது இன்னொன்று என்று ஆன பெயர்கள் எங்கள் பக்கத்தில் ஆயிரம் உண்டு. இவளுக்கு அதுவும் இல்லை. அடையாள அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயர். கடவுச்சீட்டின் மங்கிய நகலிலோ தந்தையின் பெயரே அவள் பெயராகியிருந்தது. வயதும் ஐந்து கூடியிருந்தது. உப முகவரின் உபயம். முதியவர் 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகே இலங்கைப் பிரஜையானவர். அதுவரை இந்தத் தேசத்தின் ஏடுகளில் அவரே இல்லை. மகள் மூன்று பேராக இருந்தாள்.

தூதரகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் இருந்தவர் நல்ல மனிதர்தான். விடுதியில் அத்தனை பெண்கள், பிரிவிலோ இரண்டே பேர், இருவருக்கும் தமிழ் தெரியாது என்று அலுத்துக்கொண்டார். "அந்தப் பிள்ளை சிங்களம் பேசுகிறாளே" என்றும் சொன்னார். பேசுவாள். பண்டாரவளைச் சந்தையில் மரக்கறி வாங்கும் சிங்களம் அது. பதினொரு மாதத்தில் பட்டதை வாக்குமூலமாகச் சொல்வதற்கு அது போதுமா?

அவள் கதையைச் செய்தியாக எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன். ஏழாம் பக்கத்தில் நான்கு வரி வந்தது. குறை சொல்ல மாட்டேன்; அத்தகைய செய்திகளை நான்கு வரியாக வெட்டிய ஆசிரிய மேசையில் நானும் பல ஆண்டுகள் இருந்தவன்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2013 ஜனவரி 9ஆம் திகதி, மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கின் தலை சவூதி அரேபியாவில் துண்டிக்கப்பட்டபோது அந்தப் பொலித்தீன் பைதான் என் நினைவுக்கு வந்தது. 2005இல் அவர் போனபோது பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தின்படி வயது பதினேழு. கடவுச்சீட்டோ இருபத்து மூன்று என்றது. போன சில வாரங்களிலேயே அவர் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்தது. முதலில் பெற்ற வாக்குமூலத்தைத் தமிழ் சரிவரத் தெரியாத ஒருவரே மொழிபெயர்த்தார் என்று பின்னர் குற்றஞ்சாட்டப்பட்டது. 2007இல் மரண தண்டனை விதிக்கப்படும்வரை சட்டத்தரணி எவரும் அவருக்காக நிற்கவில்லை. மேன்முறையீட்டுக்கான பணத்தை ஹொங்கொங்கில் இயங்கும் ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு திரட்டியது. கைதாகும் அந்நியர் தம் நாட்டுத் தூதரகத்துடன் தொடர்புகொள்ளலாம் என்று 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது உறுப்புரை சொல்கிறது. உறுப்புரை இருந்தது, அந்தப் பிள்ளையின் மொழியோடும் உண்மை வயதோடும் உரிய நேரத்தில் போய் நிற்க ஆள் இல்லை.

இந்த இடத்தில் பிலிப்பைன்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1995 மார்ச்சில் பிலிப்பைன்ஸ் பணிப்பெண் ஃப்ளோர் கொன்டெம்பிளாசியோன் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். அந்த நாடே தெருவில் இறங்கியது. மூன்று மாதத்துக்குள் வெளிநாட்டுத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் வந்தது. வழக்குச் செலவுக்கு நிதி வைத்தார்கள். இருபதாயிரம் தொழிலாளருக்குக் குறையாத நாடுகளில் தூதரக வளவிலேயே உதவி நிலையம், அதுவும் ஞாயிறு, விடுமுறை பாராமல் நாளெல்லாம் திறந்திருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். எழுதியதெல்லாம் நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் அழுகுரல் ஓயவில்லை. எனினும் ஒரு மரணத்துக்குப் பின் அவர்கள் முதலில் கேள்வி கேட்டது தம் தூதரகத்தை.

நாம் கேள்வி கேட்டது தாய்மாரை. எமக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது. தூதரகங்களில் அதன் தொழிற் பிரிவுகளும் உண்டு. 2013இல் வந்ததோ குடும்பப் பின்னணி அறிக்கை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ளவள் போகக் கூடாது என்றார்கள். லயத்து அறைக்கு அதிகாரி வந்து பிள்ளைகளை எண்ணிப் பார்த்தார். தடுக்கப்பட்டவர்கள் வீட்டிலா இருந்தார்கள்? பலர் சுற்றுலா விசாவில், பணியகத்தின் பதிவேட்டுக்கே வராமல் போனார்கள். பதிவில்லாதவளைத் தூதரகம் எப்படித் தேடும்? பிறகு 2022இல் நாட்டில் டொலர் வற்றியபோது அதே கட்டுப்பாடுகள் தளர்ந்தன.

முதியவரின் மகள் திரும்பி வந்தாள். பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், தோட்டக் காரியாலயம் என்று அலைந்து, மூன்று பெயரும் ஒருத்திதான் என்பதற்குச் சத்தியக் கடதாசி முடித்து அனுப்ப ஏழு வாரம் சென்றது. முதியவர் இரண்டு முறை பதுளை இரவு அஞ்சல் ரயிலில் கொழும்புக்குப் போய் வந்தார். இரண்டு முறையும் படிவம் சிங்களத்தில் இருந்ததால், கோட்டை ரயில் நிலையத்தில் வந்து எனக்காகக் காத்திருந்தார். சம்பளப் பாக்கி வரவேயில்லை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஊருக்குப் போயிருந்தபோது அவளே வந்தாள். இடுப்பில் பத்து நாள் ஆண் குழந்தை. பதிவுக்குப் போகிற வழியாம். ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "பேரைத் தமிழ்லயும் சிங்களத்துலயும் இங்கிலீசுலயும் எழுத்துப் பிழை இல்லாம எழுதித் தாங்க ஐயா. எழுதிட்டு வாசிச்சும் காட்டுங்க" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள்.