கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு மாம்பழ மஞ்சள்

மயிலாப்பூரில் ஒரு பழைய வீடு இருந்தால், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு அது ஃப்ளாட்டாக மாறத்தான் போகிறது. எங்கள் வீட்டுக்கும் அந்த முறை வந்தது. சிவப்பு சிமெண்ட் தரை, நடுவில் முற்றம், கூடத்தில் ஊஞ்சல் என்று தாராளமாக இருந்துவிட்டு, அடையாறில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்றுக்கு ஐந்து பேர் குடிவந்தோம். மாமனார் காலமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

சாமான்களைக் குறைப்பதுதான் பெரும்பாடு. ஊஞ்சல் பலகை, பித்தளை அண்டா, அஞ்சறைப்பெட்டி, மர நடைவண்டி, 1985-ல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் தாத்தா காலத்தில் வாங்கிய சுவர்க் கடிகாரம், இவை போதாதென்று இருபது சொச்சம் படங்கள்! அலங்காரம் செய்ய வந்த பையன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்: "எல்லா சுவருக்கும் வெள்ளை, சோபாவுக்கு கிரே. பழசெல்லாம் லாஃப்ட்டிலே ஏத்திடலாம் மேடம்."

என் கணவர் தலையாட்டினார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. புது வீட்டில் அவர் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை. அறையை விட்டு வெளியே வருவதே குறைந்துபோயிருந்தது. எனக்கு சோபாவைவிட அதுதான் பெரிய கவலை.

லாஃப்ட்டில் ஏற்றுவதற்கு முன் படங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன். முதலில் ரவிவர்மாவின் லக்ஷ்மியும் சரஸ்வதியும். ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகுதான், அரண்மனைக்காரர்கள் மட்டுமே வாங்க முடிந்த அவருடைய ஓவியங்கள் அச்சுப் படங்களாகச் சாதாரணக் குடும்பங்களின் கூடத்துக்கும் வந்தன. அடுத்து தலைப்பாகையோடு கொள்ளுத் தாத்தா, கோட்டு போட்ட தாத்தா, மாலையோடு மாமனார். அப்போதுதான் கவனித்தேன். அத்தனை படங்களிலும் பெண் முகம் என்றால் தெய்வங்கள் மட்டும்தான்! அந்த வீட்டில் ஐம்பது வருஷத்துக்கு மேல் உழைத்த மாமியாரின் முகம் எந்தச் சுவரிலும் இருந்ததில்லை.

டிரங்குப் பெட்டியின் அடியில் ஒன்று கிடைத்தது. 1968-ல் நலங்கின்போது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பதினெட்டு வயசுப் பெண், தலை நிறையப் பூ, கீழே பார்த்த கண்.

"அம்மா, இது என்ன கலர் புடவை?" என்று கேட்டேன்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மாம்பழ மஞ்சள்டீ. அரக்கு பார்டர். உடம்பு பூரா சின்னச் சின்ன புட்டா. எங்கப்பா டி.நகர்லே மூணு கடை ஏறி இறங்கி வாங்கிண்டு வந்தார்" என்று ஆரம்பித்தவர், அரைமணி நேரம் நிறுத்தவில்லை. அந்தப் புடவையின் நிறத்தை அதுவரை அவரிடம் யாருமே கேட்டதில்லையாம்.

எங்கள் வீட்டு வண்ணம் அங்கேயே முடிவாகிவிட்டது.

சின்ன ஃப்ளாட்டில் நாலு சுவருக்கும் மஞ்சள் அடித்தால் கண்ணை உறுத்தும். இதற்குக் காஞ்சிபுரம் புடவையே வழி சொல்லித் தருகிறது பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை அதற்கு எதிர் நிறம், தலைப்பு எல்லாவற்றிலும் எடுப்பு. ருக்மிணி தேவி 1936-ல் அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்ராவின் நெசவுக்கூடம், பழைய புடவைகளின் வண்ணச் சேர்க்கையை மீட்டுப் பெயர் வாங்கியது. அந்தக் கணக்கை அறைக்கும் போட்டேன். மூன்று சுவர் சந்தன வெள்ளை, அதுதான் உடல். கதவு நிலையும் திண்டு உறைகளும் அரக்கு, அது கரை. காலை வெயில் விழும் ஒரே சுவர் மட்டும் மாம்பழ மஞ்சள், அது தலைப்பு. ஊஞ்சல் பலகைக்குக் கால் வைத்து அதன் கீழே பெஞ்சாகப் போட்டாயிற்று.

படத்தை அங்கே மாட்டலாம் என்றதும் வந்தது எதிர்ப்பு. "உயிரோட இருக்கறவாளை யாராவது சுவத்துலே மாட்டுவாளா?" என்றார் மாமியார். நம் வீடுகளில் சுவர் என்பது சாமிக்கும் காலமானவர்களுக்கும்தானே! "மாலை போடப் போறதில்லைம்மா. கல்யாணப் பொண்ணா மாட்டறோம்" என்றேன். மாமனாரும் பெரியவர்களும் ஒரு சுவரில், இருப்பவர்கள் இன்னொரு சுவரில் என்று பிரித்ததும், இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தார்.

பழைய படம் மாட்டும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். அசல் படத்தை ஸ்கேன் செய்து, பிரதியை மாட்டிவிட்டு அசலைப் பத்திரப்படுத்துங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் அட்டைக் கரை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். மழை ஓதம் ஏறும் வெளிச்சுவர் வேண்டாம். நேர் வெயிலும் ஆகாது, வெளுத்துப்போகும். தஞ்சாவூர்ப் படம் இருந்தால் ஈரத்துணி படவே கூடாது.

கைக்குழந்தை உள்ள வீட்டில் இன்னொன்று முக்கியம். பழைய நடைவண்டி, தொட்டில், பொம்மைகளின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் முதல்தான் நடைமுறையானது. அதற்கு முந்தின பெயிண்ட் உரிந்து குழந்தையின் வாய்க்குள் போனால் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அழகாக்குகிறேன் என்று வீட்டுக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தூள் இன்னும் மோசம், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. எங்கள் நடைவண்டியை சின்னவள் கைக்கு எட்டாத அலமாரி உச்சியில் வைத்துவிட்டேன். அவளுக்குப் புதிதாக ஒன்று வந்தது.

இதனால் மாமியாரின் துக்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில சாயங்காலங்களில் இன்னும் மௌனமாகத்தான் இருக்கிறார். ஆனால் காலைக் காபியை இப்போது அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் குடிக்கிறார். எட்டு வயசுப் பெரியவள் "யாரு பாட்டி இந்தப் பொண்ணு?" என்று தெரிந்துகொண்டே கேட்பாள். "அவளா? அவ ஒரு அசடு" என்று சிரித்துக்கொண்டே கதை ஆரம்பமாகும்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் இப்படி ஒரு படம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய், அந்தப் புடவை என்ன நிறம் என்று கேளுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேளுங்கள். பெயிண்ட் கடைக்கு அப்புறம் போகலாம்.